அபராதப் புத்தகம்

பக்கத்துக்கு நாலு ரூபாய்.
நாளைக்கு எண்பது பக்கம்.
தூசிக்கு முகமூடி நாமே வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதலியார்பேட்டைப் பக்கம் எப்போதோ ஓடிய
ஒரு பஞ்சாலையின் புத்தகங்கள்
கோணியில் கட்டி வந்து இறங்கின,
கறையான் தின்றது போக மிச்சம்.
கட்டம் நாலு: தேதி, பெயர், தொகை, காரணம்.

பிரெஞ்சு எனக்கு வராது.
பக்கத்து மேசை பிலோமின் சொல்லுவாள்,
வாயில் முறுக்கை வைத்துக்கொண்டே.
"தாமதம்."
"தாமதம்."
"நூல் அறுந்தது."
"பேச்சு."
பேச்சா?
"ஆமா, பேசினதுக்கு."
பிறகு ஒரு வரியில் விரலை நிறுத்தி
முறுக்கைக் கையில் எடுத்தாள்.
"சிரிச்சதுக்கு. ரெண்டு காசு."

யாரோ ஒரு பூங்காவனம்
ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை சிரித்திருக்கிறாள்.
எதற்கு என்று எழுதக் கட்டம் இல்லை.

பள்ளிக்கூடத்தில் வரலாறு எனக்குப் பிடிக்காது.
கவர்னர்கள் வரிசையாக வருவார்கள்,
கோட்டையைப் பிடிப்பார்கள், விடுவார்கள்.
கடலூரிலிருந்து ஒருவன் சுட்டால்
இங்கிருந்து ஒருவன் சுடுவான்.
நடுவில் யார் சோறு வடித்தார்கள் என்று
நானும் கேட்டதில்லை,
ஐந்து மார்க் கேள்வியிலும் அது வரவில்லை.

அஞ்சலாட்சி என்ற பெயரை
எழுதியவன் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறான்.
வேண்டாத இடத்தில் ஓர் எழுத்து,
வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.
என் வாக்காளர் அட்டையிலும் எனக்கு இதே கதி.
அதனாலோ என்னவோ
அவளை மட்டும் பக்கம் பக்கமாகத் தேடினேன்.
பிப்ரவரியில் தாமதம். மார்ச்சில் தாமதம்.
அப்புறம் பதினோரு முறை ஒரே காரணம்:
வாசலில் நின்று பால் கொடுத்தது.
பன்னிரண்டாவது இல்லை.
பிள்ளை பால் மறந்ததா,
பிள்ளையே இல்லாமல் போனதா.
பதினொன்றையும் கூட்டிப் பார்த்தேன்.
கூட்டுவதற்கு எனக்குக் காசு கிடையாது.

எங்கள் கம்பெனியில்
பத்து நிமிடம் பிந்தினால் அரை நாள் சம்பளம்.
புத்தகம் இல்லை, கைரேகைதான்.
காரணம் எழுதும் கட்டம்கூட இல்லை.

ஜூலை மாதப் பக்கம்.
ஒரே தேதி, ஒரே தொகை,
நாற்பத்து மூன்று பெண்கள்.
காரணத்தில் மேலே ஒரு சொல்,
அதன் கீழே "மேற்படி, மேற்படி" என்று
இறங்கிக்கொண்டே போகும் இரட்டைக் கோடுகள்.
பிலோமின் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.
"மாட்டேன்னு சொன்னதுக்கு."
எதை மாட்டேன் என்றார்களோ.
முந்தின பக்கத்தைக் கறையான் படித்துவிட்டது.

தட்டினேன். கம்ப்யூட்டர் கேட்டது:
இதே பதிவு முன்பே உள்ளது, நீக்கவா?
தேதியும் தொகையும் காரணமும் ஒன்றானால்
ஆளும் ஒன்றுதான் என்பது அதன் அறிவு.
பெயரை அது பார்ப்பதில்லை.
வேண்டாம்.
நீக்கவா?
வேண்டாம்.
"மொத்தமா ஓகே குடுத்துட்டுப் போம்மா,
டார்கெட் நிக்குது" என்றார் சூப்பர்வைசர்.
வேண்டாம். சிங்காரி. வேண்டாம். தைலம்மாள்.
வேண்டாம், வேண்டாம்,
சுட்டுவிரல் மரத்துப் போகும்வரை வேண்டாம்.

நாற்பத்து மூன்றாவது வரியில் பெயர் இல்லை.
அஞ்சலாட்சியின் மகள், வயது ஒன்பது.
அவ்வளவுதான்.

சிவப்பில் வந்தது: பெயர் கட்டாயம்.
"ஏதாவது போடேன்" என்றாள் பிலோமின், பையை மாட்டிக்கொண்டு.
"ஒரு புள்ளி வை."
வைத்தேன். ஏற்கவில்லை.
நல்ல பெயராக ஒன்று வைக்க ஆசைதான்.
என் பெயரையே போட்டுவிடலாம்.
ஆனால் அபராதம் எழுதியவன்கூட
அந்தப் பொய்யை எழுதவில்லை.

ஐந்தரை.
வாட்ச்மேன் மின்விசிறிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார்.
இந்தத் திரை மட்டும் இருக்கட்டும் அண்ணே என்றேன்.
காரணம் கேட்டார்.
பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லி இறங்கிவிட்டேன்.
கரண்டு பில்லை யார் கணக்கில் பிடிப்பார்களோ.