அகம் இருபத்தைந்து

உசிலம்பட்டியில் ஜன்னலோரம் கிடைத்தால்
நாகமலை வருவதற்குள் இருபது தாள் திருத்தலாம்.
பஸ் குலுங்கும்போது சிவப்புப் பேனா
என் சேலைக்கும் மதிப்பெண் போடும்.

பாடம்: டிஜிட்டல் குடிமை.
இரண்டு கிரெடிட்.
ஒருத்தனும் அரியர் வைக்கக் கூடாது என்பது
துறைத்தலைவரின் வாய்மொழி உத்தரவு.

புறத்துக்கு எழுபத்தைந்து. அதை யாரோ திருத்துவார்கள்.
கைடில் கடவுச்சொல்
‘கடவுள்சொல்’ என்று அச்சாகிவிட்டது.
ஐம்பத்தெட்டுப் பேரும் எழுதுவார்கள்:
கடவுள்சொல்லை யாரிடமும் சொல்லக் கூடாது.
கடவுள்சொல்லை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.
முழு மதிப்பெண் கிடைக்கும்.

அகத்துக்கு இருபத்தைந்து.
வருகைக்கு ஐந்து, தேர்வுக்குப் பத்து, ஒப்படைவுக்குப் பத்து.
ஒப்படைவின் கேள்வியை நான்தான் வைத்தேன், ஏதோ தைரியத்தில்:
நீ அனுப்பிய ஒரு பொய்யைத் தேடிப் பிடி.
அது எங்கே போய் நின்றது, எழுது.

மூன்று பேரின் முதல் வரி
‘நிச்சயமாக! இதோ உங்களுக்கான கட்டுரை.’
அதை வெட்டக்கூடத் தோன்றவில்லை பிள்ளைகளுக்கு.
பிரான்சிஸ் அருள்: நான் பொய் எதையும் அனுப்பியதில்லை.
ஒரே வரி. அடிக்கோடு வேறு.
பாதத்தில் வெங்காயம் கட்டினால் காய்ச்சல் இறங்கும் என்று
மேலூர் மாமிக்கு அனுப்பியிருக்கிறாள் மஹ்சினா பானு.
மாமி கட்டினாராம். இறங்கியதாம்.
அப்ப இது பொய்யா மேடம், என்று முடிக்கிறாள்.
ஏழு போட்டேன்.

ஒச்சப்பன் தாள் அடியில் கிடந்தது.
இரண்டு நாள் தாமதம்.
நான்கு பக்கம், நீல மை, பத்தி பிரிக்கவில்லை.

பிள்ளை பிடிக்கிறவன் என்று வந்த படத்தை
ஆறு பத்துக்கு ஊர் குரூப்பில் போட்டேன்.
ஏழரைக்குக் கொடிக்கால்பட்டி விலக்கில்
போர்வை விற்க வந்தவரைக் கம்பத்தில் கட்டிவிட்டார்கள்.
படத்தில் இருந்த ஆள் வேறு. மீசையே வேற.
எல்லாருக்கும் அழி என்பதை அழுத்தினேன்.
அழிந்துவிட்டதாகக் காட்டியது.
பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்.
முன்பல் இரண்டு இல்லை.
அவர் இந்தியில் சொன்னது எனக்கு விளங்கவில்லை.
நான் சொன்னது அவருக்கு.

கடைசிப் பக்கத்தில் ‘சான்றாதாரங்கள்’.
கீழே ஒரே பதிவு:
போர்வை, 1, முந்நூற்றைம்பது ரூபாய்.

மதிப்பீட்டுக் கட்டம் கேட்கிறது:
கட்டமைப்பு, மேற்கோள், சுயசிந்தனை, குறித்த நாள்.
தாமதத்துக்கு இரண்டு கழிக்க வேண்டும்.
எட்டு என்றால், எதற்கு எட்டு?
பத்துக்குப் பத்து போட்டால்
அந்தப் பல்லுக்கு நான் விலை பேசியதாகும்.
காலியாக விட்டால் போர்ட்டல் ஏற்காது.

அந்தப் போர்ட்டலில் எனக்குக் கணக்கே கிடையாது,
மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவள்.
துறையின் கடவுள்சொல்
திரையோரத்தில் மஞ்சள் சீட்டில் ஒட்டியிருக்கிறது,
ஊர் அறிய.

விலக்கில் பஸ் நின்றது.
கம்பத்தில் காதணி விழா போஸ்டர்,
மாமன்மார் வரிசையாகச் சிரிக்கிறார்கள்.
முட்டை அட்டைகளோடு ஒருவர் ஏறினார்.
தாள்களை மடித்து இடம் விட்டேன்.

அந்தப் படம் அன்றைக்கு எனக்கும் வந்தது.
ஆறு இருபது. ஆசிரியர் குரூப்.
நான் யாருக்கும் அனுப்பவில்லை.
பொய் என்றும் யாரிடமும் சொல்லவில்லை.
கட்டைவிரல் தள்ளிவிட்டுப் போனது.
அடுத்து யாருக்கோ பிறந்தநாள்,
கேக் படம் போட்டேன்.

இரண்டு நீலக் குறி விழுந்திருக்கும்,
பார்த்தேன் என்பதற்கு.
வருகைக்கு
ஐந்துக்கு ஐந்து.