ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்

எங்கள் மொழியில் இதற்கொரு சொல் உண்டு: ஷினாபெரா.
வீட்டுக்குள்ளேயே மூத்துப்போனவள் என்று பொருள்.
சொல்லைச் செய்தவன் என்னைப் பார்த்ததில்லை.
இருபத்தாறு வருடமாக நான் மூத்துக்கொண்டிருப்பது
ருஸ்தாவி நகரத்து லிஃப்ட் குழிகளில்,
கிரீஸ் டப்பாவும் டார்ச்சுமாக,
பதினாறு மாடி இருட்டைத்
தலைக்குமேல் நிறுத்திக்கொண்டு.

காசு போட்டால்தான் நகரும் எங்கள் கட்டடத்து லிஃப்ட்.
அதன் உண்டியலைத் திறந்து எண்ணுவதும் நான்தான்.
சில்லறைக்கு நடுவே சட்டைப் பித்தான் கிடக்கும்,
ஒருமுறை ஒரு பால்பல் கிடந்தது.
"யாருக்காக இப்படிச் சேர்க்கிறாய் மக்வாலா?"
நாலாம் மாடி லம்சீரா கேட்பாள்.
கேட்டுவிட்டுக் கடன் வாங்குவாள்.

"கடைசிக் காலத்தில்
ஒரு டம்ளர் தண்ணீர் யார் தருவார்?"
இது வேறொருத்தி.
நம் குழாயில் தண்ணீரே
இரண்டு மணி நேரம்தான் வருகிறது என்று
சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

ஒன்பதாம் மாடி இர்மாவின் மூன்றாவது குழந்தைக்கு
ஞானஸ்நான விருந்து.
குனிந்து பார்க்கப் போனேன்,
மாமியார் போர்வையை இழுத்து மூடினாள்.
கண் படுமாம்.
கும்மிருட்டில், எஃகு வடத்தில்
ஒற்றை இழை அறுந்திருந்தாலும் கண்டுபிடிக்கிற கண்.
குழந்தைக்கு ஆகாது.

விருந்தை நடத்துகிறவர் கோப்பையை உயர்த்தினார்.
முதலில் கடவுளுக்கு.
பிறகு இறந்தவர்களுக்கு.
பிறகு தாய்மார்களுக்கு.
ஆண்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.
பெற்றவர்கள் தலைகுனிந்து அதை வாங்கிக்கொண்டார்கள்.
என் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கத்தரிக்காய்க்குள்ளிருந்த வால்நட் அரைப்பை
முள்கரண்டியால் தோண்டிக்கொண்டிருந்தேன்.
"மக்வாலாவுக்கும்தான்! கடவுள் மனது வைத்தால்…"
"அவளுக்கு ஐம்பத்தொன்று" என்றது ஒரு குரல்.
சிரித்து, சிரிப்பை விழுங்கி,
யாரோ என் தட்டில் ரொட்டி வைத்தார்கள்.
என்ன பேசுவதென்று தெரியாதபோது
எங்கள் ஊரில் ரொட்டி வரும்.

அப்போதுதான் லிஃப்ட் நின்றது.
கீழே கேக் வாங்கப் போன இர்மா
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்.

பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.
கதவைத் தட்டினேன். ஃப்யூஸ்தான். ஐந்து நிமிட வேலை.
உள்ளே சத்தமில்லை.
பிறகு: "நீ மட்டும்தானா?"
"நான் மட்டும்தான். எப்போதும்போல."
"அப்படியானால் திறக்காதே.
பத்து நிமிடம்.
யாரிடமும் சொல்லாதே."

படியில் உட்கார்ந்தேன்.
மேலே மூன்று குரலில் பாட்டு ஏறிக்கொண்டிருந்தது.
உள்ளே அட்டைப்பெட்டி கிழிந்தது.
விரல் நக்கும் சத்தம்.
மூக்கு உறிஞ்சும் சத்தம்.
அப்புறம் ஒன்றுமில்லை, ஒரு ஆள்
சும்மா இருக்கிற சத்தம்.
அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"என்ன ஆச்சு?" புருஷன் மேலிருந்து கத்தினான்.
ஸ்பேனரால் கைப்பிடிக் கம்பியில் நாலு அடி அடித்து,
"மோட்டார் சூடு! பொறுங்கள்!" என்றேன்.
ஓர் இயந்திரத்தைப் பற்றி
நான் சொன்ன முதல் பொய்.
பதினான்கு நிமிடம் கொடுத்தேன்.

கேக்கில் ஒரு மூலை இல்லை.
அவள் மணிக்கட்டில் கிரீம்.
என்னைப் பார்க்காமலே படியேறினாள்.
மேசையில் யாரோ தாமதத்தைக் கேட்க,
"அவளுக்கென்ன, நிதானமாகத்தான் செய்வாள்,
வீட்டில் யார் காத்திருக்கிறார்கள்?" என்றாள் இர்மா.
எல்லோரும் சிரித்தார்கள்.
நான் ரொட்டியைச் சாப்பிட்டேன்.

குழந்தையை இன்றும் மூடித்தான் கொண்டுபோகிறாள்
என் பக்கத்தில்.

ஆனால் வியாழக்கிழமைகளில், நாலு மணி வாக்கில்,
லிஃப்ட் அதே இடத்தில் நிற்கிறது.
பழுதில்லை.
உள்ளே சிவப்புப் பொத்தானை ஒரு விரல் அழுத்தியிருக்கிறது.
போய்ப் படியில் உட்காருகிறேன்,
சூரியகாந்தி விதை கொறித்தபடி.
யாராவது கத்தினால் கம்பியில் அடிக்கிறேன்.
பிறகு பதிவேட்டைத் திறந்து
தேதி போட்டு எழுதுகிறேன்:
மோட்டார் சூடு.