காலித் தொழுவத்துக்கு ஓர் ஆராதனை முறைமை

எங்கள் சபையின் வழிபாட்டு நூலில்
ஞானஸ்நானத்துக்குப் பக்கம் உண்டு, கலியாணத்துக்கு உண்டு,
அடக்கத்துக்கு மூன்று விதம் உண்டு.
புது ஆர்கன் வாங்கினால் அதையும் பிரதிஷ்டை பண்ணலாம்.
நானூற்றுப் பன்னிரண்டு பசுக்கள்
மூன்றே நாளில் லாரியேறிப் போனால்
சொல்வதற்கு ஒரு வரி இல்லை.

கேரிக் வோஸ்மன் போனில் கூப்பிட்டபோது
யாரென்றே எனக்குத் தெரியவில்லை.
கோயிலுக்கு வருகிறவனல்ல. இரண்டு சாவுக்கு வந்தான்,
இரண்டுக்கும் கடைசி பெஞ்சு.
"ஏதாவது சொல்லணும் பாஸ்டர். கொட்டகையிலே.
நீளமா வேணாம்.
கடவுளைத் திட்டினாலும் சரி."

நான்கு இரவு உட்கார்ந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே சவுத்லாந்தின் மே மாத மழை,
படுக்கைவாட்டில்.
"உமது சித்தம்" என்று எழுதி, அடித்தேன்.
சித்தம் யாருடையது? கிருமியினுடையதா,
வெலிங்டனிலிருந்து வந்த உத்தரவினுடையதா?
"ஆறுதல்" என்று எழுதினேன். அதையும் அடித்தேன்.
நஷ்டஈடு வந்துவிட்டது என்று
ஊரே ஏற்கெனவே ஆறுதல் சொல்லியாயிற்று.
வேதத்தில் ஒரு தீர்க்கதரிசி
மாடில்லாத தொழுவத்தைப் பாடியிருக்கிறான்.
ஆனால் அடுத்த வரியே "ஆனாலும்" என்று திரும்பிவிடும்.
அந்த ஆனாலும் என் வாயில் வரவில்லை.

கடைசியில் அரைத் தாள்தான் தேறியது.

விடியற்காலை நாலு மணி என்றான் கேரிக்.
கறக்கிற நேரம்.
வாசலில் கிருமிநாசினித் தொட்டி இன்னும் இருந்தது.
ஒவ்வொருவராக பூட்ஸோடு இறங்கி, நின்று, ஏறினோம்.
யாரும் பேசவில்லை.
என் தாளில் அது இல்லை.

உள்ளே விளக்கெல்லாம் எரிந்தது.
கழுவிய சிமென்ட் தரை, தொங்கும் குழாய்கள்,
பழக்கதோஷத்தில் யாரோ போட்டுவிட்ட ரேடியோ.
வீட்டுக்காரி ஹில்டா அதை அணைக்கப் போனாள்,
கேரிக் தலையாட்டினான்: இருக்கட்டும்.
பால் கறக்க மாடுகள் அந்தச் சத்தத்துக்குத்தான் வந்து நிற்குமாம்.
வானிலை அறிக்கையின் நடுவே ஜெபித்தேன்.

பிறகு பதினொரு வயது ஃபெம்கா
காதுவில்லை எண்களை வாசித்தாள்.
பதினேழு. ஆமென். இருபத்திரண்டு. ஆமென்.
எழுபது தாண்டியதும் ஆமென் தேய்ந்து
வெறும் மூச்சாயிற்று.
இருநூற்று ஆறு என்றாள், நிறுத்தினாள்.
"இவ உதைப்பா."
கேரிக் சட்டென்று சிரித்தான்.
அந்தச் சிரிப்பு எங்கேயோ போய் இடித்து
அழுகையாகத் திரும்பி வந்தது.
மிச்ச எண்களை வாசிக்க
முக்கால் மணி நேரமாயிற்று.
ஒருவரும் உட்காரவில்லை.

தேநீருக்கு நான் கடைப்பால் கொண்டுபோயிருந்தேன்,
யோசிக்காமல்.
கேரிக் அந்த அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
முப்பது வருஷத்தில் காசு கொடுத்து வாங்கிய பால்
அந்த வீட்டுக்குள் வந்ததில்லை.
நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள்
கோப்பையை நீட்டினான்.

கேட்டுக்கு வெளியே ஒரு கார், விளக்கணைத்து.
மெரேயானா, கால்நடை மருத்துவர்,
உத்தரவில் கையெழுத்துப் போட்டவள்.
வந்தாள் என்பதை நான் மட்டும் பார்த்தேன்.
இறங்கவில்லை.

அந்த அரைத் தாளைத் திருத்தி
மண்டலச் சபைக்கு அனுப்பினேன்.
எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று கேட்டு எழுதினார்கள்.
இன்னும் பதில் போடவில்லை.

ஆகஸ்டில் மெரேயானா போன் செய்தாள்.
நெடுநேரம் சளி, உறைபனி, சாலைப் பள்ளம்.
அப்புறம் கேட்டாள்:
"கையெழுத்துப் போட்டவங்களுக்கு ஏதாவது இருக்கா?"

இல்லை என்றேன்.
புதுத் தாள் எடுத்தேன்.
மேலே, வலது மூலையில், நேரத்தை மட்டும் எழுதினேன்.
காலை நாலு மணி.
காருக்குள்.