சரக்குக் கணக்கு

பென்சில் மட்டும்தான் அனுமதி.
கோட்டும் பையும் பூட்டறையில்.
கண்ணாடி உறையில் ஒரே ஒரு ரசீதும் நானும்
உள்ளே வந்துவிட்டோம்.
மருந்துக்கடையில் அரைநாள் விடுப்பு,
மர்செய்யிலிருந்து எக்சுக்குப் பேருந்து,
எல்லாம் பூட்டனாருக்காக.

பெரியப்பா எத்தியேன் கேட்டது சின்ன விஷயம்.
காரைக்காலில் எங்கள் தெருக் கோயில் மணிக்குத்
தொண்ணூறு வயது. மலர் அச்சாகிறது.
முதல் பக்கம் பூட்டனார் படம்:
தலைப்பாகை, கோட்டு, கடிகாரச் சங்கிலி.
இரண்டாம் பக்கத்துக்கு
மணி வாங்கிய கதை வேண்டும், ஆதாரத்தோடு.

பெட்டியைத் திறந்தேன்.
ஞானாதிக்கம், வயது இருபத்திரண்டு,
தொழில்: சமையல் உதவி.
(சொந்தக் கப்பலில் போனார் என்றல்லவா வீட்டில் பேச்சு)
குலவழக்கைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வருகிறார்.
குடும்பப்பெயர் எடுத்துக்கொள்கிறார்:
ப்ரோஸ்பேர்.
செழித்தவன் என்று பொருள்.
கையில் காசில்லாதவன்
முதன்முதலில் கொள்முதல் செய்த சரக்கு.
கையொப்ப இடத்தில் ஒரு பெருக்கல் குறி.

அடுத்த தாளில் சைகோன்.
பத்து வருஷத்தில் கை தேறியிருக்கிறது;
தமிழில் ஞா, புள்ளி, அப்புறம் ஒரு மீன்வால்.
பால் ஒப்பந்தம். சந்தை வரி.
பிறகு ஆற்றுத்துறைக் குத்தகை, ஒன்று, மூன்று, ஏழு.
ஆளுக்கு இவ்வளவு, பன்றிக்கு இவ்வளவு,
நெல் மூட்டைக்கு, வாத்துக் கூடைக்கு.
மீன்வால் ஒவ்வொரு தாளிலும் நீண்டுகொண்டே போகிறது.

நடுவில் ஒரு கடிதம். ஜில்லா அதிகாரி கேட்கிறார்:
அக்கரை இடுகாட்டுக்குப் பிணம் கொண்டுபோகிறவர்கள்
புகார் சொல்கிறார்கள், முசியே ப்ரோஸ்பேர்;
பிணத்துக்கு எந்தக் கட்டணம்,
ஆள் கணக்கா, சரக்குக் கணக்கா?
பதில் பின்பக்கத்தில், குமாஸ்தா கையில், இரண்டே வரி:
மூச்சு விடுகிறது ஆள்.
விடாதது சரக்கு. எடைபோட்டு வாங்கவும்.
அடியில் மீன்வால்.

எதிர் மேசைக்காரர் இருமினார்.
நான் சன்னலைப் பார்த்தேன்.
இந்தக் கையெழுத்தை நம்பித்தானே
என் அப்பா லிசேயில் படித்தார்,
நான் இந்த ஊரில் வாடகை கட்டுகிறேன்.

கடைசித் தாள் மரணப் பதிவு.
மர்செய், மாநகர மருத்துவமனை,
மூன்றாம் தேதி மார்ச், ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்துநான்கு.
சிறுநீரகம். உடனிருந்தோர் இல்லை.

அப்போதுதான் உறையிலிருந்த ரசீதை எடுத்தேன்.
வீட்டில் சட்டம்போட்டு மாட்டியிருந்த ரசீது,
மணி கப்பலேறிய ரசீது என்று
கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிய ரசீது.
மர்செய்யிலிருந்து காரைக்கால்.
பெட்டி: ஒன்று.
எடை: இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ, ஈயத் தகட்டோடு.
தேதி: பதினான்காம் தேதி மார்ச்.

மணிக்கு எதற்கு ஈயத் தகடு
என்று மூன்று தலைமுறையில் ஒருவரும் கேட்கவில்லை.

கைப்பேசியில் பெரியப்பா:
கிடைச்சுதாம்மா? அச்சகத்தில் காத்திருக்காங்க.
மணி நிஜம்; நானே கேட்டிருக்கிறேன்,
ஞாயிறு காலை ஐந்தரைக்குத் தூக்கத்தைக் கெடுக்கும்.
யார் கொடுத்ததோ.
பதில் தட்டினேன், அழித்தேன்,
எடை மட்டும் கிடைத்தது என்று தட்டினேன்,
அதையும் அழித்தேன்.

அறை மூடும் நேரம். நகல் பக்கத்துக்கு முப்பது சாந்தீம்.
மொத்தம் பதினேழு பக்கம்.
முகப்பில் இருந்த பெண்ணிடம்
என் வாய் தானாகக் கேட்டது:
பதினைந்துக்கு மேல் போனால்
குறைப்பீர்களா?