கம்பியில் கோளாறு இல்லை

ஒன்பது நாளாகக் கெய்யோனில் மழை.
கூரை நனைந்து, தபால் நனைந்து,
குடுவைக்குள் உப்பே நனைந்து கிடக்கிறது.
ஊரிலே உலர்ந்த இடம் ஒன்றே ஒன்று,
என் வாய்.

சிறுநீர் அடங்கவில்லை என்று போனேன்,
மாத்திரை எழுதினார் டாக்டர்.
மூன்றே வாரத்தில் அடங்கிற்று.
போகிற போக்கில்
மேல் குழாயையும் மூடிவிட்டது.

மருந்துத்தாளை விளக்கடியில் விரித்தேன்.
வாய் உலர்தல்: பரவலாகக் காணப்படும்.
பரவலாக.
மழைக்கு நான் சொல்லும் அதே சொல்.

என் வேலை அதுதான்,
இரவு பத்துக்கும் விடிகாலை நாலுக்கும்
படகுகளுக்கு வானிலை வாசிப்பது.
கோர்கோவாடோ வளைகுடா, வடமேற்குக் காற்று,
முப்பது கடல்மைல் வேகம்,
அலை மூன்று மீட்டர்...
அதற்குள் நாக்கு மேலண்ணத்தில்
தபால்தலையாய் ஒட்டிக்கொள்ளும்.
பிய்த்தெடுத்தால் ஒரு சத்தம்.
டக்.

தண்ணீர் குடிக்கலாமே என்பீர்கள்.
குடித்தால் எங்கே ஓடவேண்டும் என்பது
உங்களுக்கே தெரியும்.

படகுகள் புகார் சொல்லின.
நிலையம், உங்கள் ஒலியில் ஏதோ சொடுக்குகிறது.
கடற்படையிலிருந்து நிபால்தோ வந்தான், சின்னப் பையன்.
கம்பியைக் கழற்றினான், மைக்கைக் கழற்றினான்,
ஆன்டெனாவில் ஏறித் தொப்பலாய் இறங்கினான்.
கோளாறு இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டான்.
நான் தலையை மட்டும் ஆட்டினேன்.
வாய் திறந்திருந்தால் கண்டுபிடித்திருப்பான்.

வியாழன், நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில்
சாந்தா ரெபேக்கா படகின் சமையல்காரர்,
அப்தோன் மில்யாலோங்கோ,
எல்லோரும் கேட்கும் அலைவரிசையை விட்டு
எழுபத்திரண்டுக்கு வரச் சொன்னார்.

தோன்யா எர்மெலிந்தா, அது கம்பி இல்லை.
ஆறு வருடமாகத் தூங்க மாத்திரை போடுகிறேன்.
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
புளிப்பு ஆப்பிள், நகம் அளவுக்கு ஒரு சில்லு,
கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.
கடிக்கவேண்டாம். சும்மா இருக்கட்டும்.
ஓவர்.

சொல்லிவிட்டுப் பொத்தானை விட மறந்துவிட்டார்.
என்ஜின் இரைச்சல். தரையில் உருளும் கரண்டி.
நடுவே, அவர் வாயிலிருந்தும்,
டக்.

இழுப்பறையில் கத்தி இருந்தது.
ஆப்பிள் இல்லை, கடை எட்டுக்குத்தான் திறக்கும்.
ஆனாலும் அந்தப் புளிப்பை நினைத்ததற்கே
நாக்கின் ஓரத்தில் ஏதோ கசிந்தது,
ஒரு வாக்கியத்துக்குக் காணும்.

விழுங்காமல் வைத்துக்கொண்டு
பதினாறுக்குத் திரும்பினேன்.
வடமேற்கு, என்று ஆரம்பித்தேன்.