பத்தொன்பதாம் நம்பர்

வடக்கு வெளி வீதி, கடை சாத்தும் நேரம்.
நஜ்முதீன் பாய் முழு செட்டையும் விரிக்கிறார்.
நீலப் பெட்டி, நாற்பது சாக்கெட்,
சீர்வரிசைத் தட்டு மாதிரி மினுக்கம்.

வேண்டாம் பாய்.
இந்த மினுக்கத்தை நம்பித்தான் போன வாரம்
வாடிப்பட்டி வாய்க்காலோரம்
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
டிராக்டர் முன்சக்கரத்தில் நெம்பினேன்.
பன்னிரண்டு பட்டை வழுக்கிற்று.
நட்டின் ஆறு மூலையும் கூழாங்கல்லாகிவிட்டன.
என் விரல்முட்டித் தோல்
இன்னும் அந்த மட்கார்டில்தான் இருக்கும்.

உதிரியாக எடுங்கள்.
ஆறு பட்டை, தடித்த சுவர், கறுப்பு.
பத்தாம் நம்பரில் மட்டும் இரண்டு,
ஒன்று எப்படியும் என்ஜினுக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

"ஆயுளுக்கும் கேரண்டிம்மா."
யார் ஆயுளுக்கு என்று நான் கேட்கவில்லை.
கனத்தையும் பார்க்கவில்லை,
மட்டமானதும் கனக்கத்தான் செய்கிறது.

இடுப்புப் பையிலிருந்து புது நட்டு ஒன்றை எடுத்து
பத்தொன்பதுக்குள் போட்டு
காதருகே வைத்து ஆட்டுகிறேன்.
வெளியே பெரியார் நிலையம் போகும் பஸ் உறுமுகிறது.
போகட்டும் என்று காத்திருந்து
மறுபடி ஆட்டுகிறேன்.

சத்தமில்லை.

பாய் கடன் நோட்டைப் புரட்டி
பேனாவை உதறி எழுதுகிறார்:
மலையரசி மெக்கானிக்,
பாக்கி நானூற்று இருபது.