பதினாறு மில்லிமீட்டர்

ஓசூர் பஸ் ஆறு மணிக்கு.
கட்டில் முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறேன்,
எது பைக்குள், எது வீட்டில் என்று.

முதலில் முக்காலி.
பாகலூர் ரோட்டு வீடுகளில்
ஜன்னலுக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவே
ஒரு பூனை போகலாம், வெயில் போகாது.
நான்கு வினாடி கண்ணைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் கேமரா.
அவ்வளவு நேரம் அசையாமலிருக்க என் கைக்குத் தெரியாது,
அலுமினியத்துக்குத் தெரியும்.
கார்பனில் எடை பாதிதான்;
விலைக்கு என் ஸ்கூட்டரை விற்க வேண்டும்.

கேபிள் ரிலீஸ்.
பட்டனைத் தொடும் விரல்கூட
ஒரு சின்ன நிலநடுக்கம்.

கேமராவுக்குள்ளேயே பச்சைக் கோடு வருகிறது,
ஆனாலும் கொத்தனார் சித்தையனிடம் வாங்கிய
இந்த ரசமட்டத்தை விடுவதில்லை.
குமிழி நடுவில் நின்றால்தான் சுவர் நிற்கும்.
சில சுவர்கள் நிஜமாகவே சாய்ந்தவை.
"படத்துல நிமித்திக் குடுத்துருங்க" என்றார்
ஒரு இன்ஜினியர், சிரிக்காமல்.

ஷிப்ட் லென்ஸ் என்னிடம் இல்லை.
பெங்களூரில் நாள் வாடகை ஆயிரத்து எண்ணூறு.
ஒரு வீட்டுக்கு எனக்குக் கிடைப்பது ஆயிரத்து இருநூறு.

போலரைசர் கட்டாயம்.
நம்மூர்க் கறுப்புக் கல் கண்ணாடியைவிட மோசம்:
சமையல் மேடையில் டியூப்லைட், சிலிண்டர், என் முக்காடு,
எல்லாம் தலைகீழாய்.
மெல்லத் திருகத் திருக
ஒவ்வொருவராய் இறங்கிப் போவார்கள்.
கல் மட்டும் தங்கும்.

அப்புறம் இரண்டு மஞ்சள் பல்பு.
யாரும் எழுதித் தராத சாமான் இது.
எந்த ஹாலிலும் மூன்றில் ஒன்று
வெள்ளையாய் எரிந்து மானத்தை வாங்கும்.

கட்டிலில் மிஞ்சியிருப்பது
பதினாறு மில்லிமீட்டர் லென்ஸ்.

போன வருஷம், முனிவெங்கடப்பாவின் மூன்றாவது மாடி.
"கொஞ்சம் பெருசா எடுங்க மேடம்" என்றான் புரோக்கர் நாகேஷ்.
கதவு மூலையில் குந்தி உட்கார்ந்து எடுத்தேன்.
பத்துக்கு ஒன்பது அறை
கல்யாண மண்டபமாய் விரிந்தது.
இரண்டே நாளில் வாடகைக்குப் போனது.

ஜூனில் நாலாவது மாடிக்கு எடுக்கப் போனேன்.
படிக்கட்டு வளைவில்
பக்கவாட்டில் நிமிர்ந்து நின்றது ஒரு இரட்டைக் கட்டில்,
பிளாஸ்டிக் உறை பிரிக்காமல்.
அதன் காலில் ஒரு பையன்
ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டிருந்தான்.

சுபத்ரா பெஹெரா. செல்போன் கம்பெனியில் நைட் ஷிப்ட்.
ஒடிசாவிலிருந்தே படத்தைப் பார்த்து
அட்வான்ஸ் போட்டு, கட்டிலும் சொல்லிவிட்டாளாம்.
எடுத்தது நான்தான் என்று நாகேஷ் பெருமையாகச் சொன்னான்.
அவள் திட்டவில்லை.
போனில் என் படத்தைக் காட்டினாள்.
கதவைத் திறந்து அறையைக் காட்டினாள்.
பிறகு இரண்டு கையையும் விரித்து
மிச்சத்தைக் காட்டினாள்.

லென்ஸைக் குற்றம் சொல்ல முடியாது.
குந்தி உட்கார்ந்தது யார்.

அதிலிருந்து இருபத்துநாலுதான்.
அது எளிதில் இடம் கொடுக்காது.
முதுகைச் சுவரில் ஒட்டவேண்டும்,
பீரோவோடு சண்டை போடவேண்டும்,
ஒருதடவை பால்கனிக் கம்பிக்கு வெளியே பாதி உடம்பு.
கூடவே ஒரு இஞ்சி டேப்.
கடைசிப் படத்துக்கு அதைத் தரையில் நீட்டி வைப்பேன்,
எண்கள் தெரியும்படி.
நாகேஷ் அந்த ஒன்றை மட்டும் அழித்துவிட்டுத்தான் அனுப்புகிறான்.
ஆட்கள் நேரில் வந்து கேட்டால் காட்ட
என் போனில் இருக்கிறது.
இதுவரை இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

பை ஆறரைக் கிலோ.
பதினாறை அலமாரியில் வைத்தேன்.
மறுபடி எடுத்தேன்.
இன்றைக்கு ஒரு பாத்ரூமும் உண்டாம்.
ஐந்தடிக்கு நான்கடி.
நானும் முக்காலியும்
அதற்குள் சேர்ந்து நிற்க முடியாது.

மணி ஐந்து நாற்பது.
பையின் ஜிப் இன்னும் திறந்திருக்கிறது.